உருளி காஞ்சனில் பத்து நாட்கள்

சென்னையிலிருந்து பம்பாய் போகிற ரயில் பாதையில், தௌண்டு ஜங்ஷனுக்கும் புனேக்கும் நடுவே உருளி என்றொரு சின்ன ஸ்டேஷன் வரும். அந்த வழியாக எத்தனையோ தடவை போய் வந்தவர்கள்கூட அந்தப் பெயர்ப் பலகையைக் கவனித்திருக்க மாட்டார்கள். புனேயில் இறங்கி, சோலாப்பூர் சாலையில் பஸ் பிடித்துத் திரும்பக் கிழக்கே வந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஹடப்சரின் கட்டடங்களும் லோணியின் லாரி நெரிசலும் தாண்டியதும் வழியெல்லாம் கரும்பு வயல். ஊர் முழுப் பெயர் உருளி காஞ்சன். காஞ்சன் என்பது அங்கே ஒரு குடும்பப் பெயர். அந்த ஊரில்தான் 1946ஆம் வருஷம் காந்திஜி தொடங்கி வைத்த இயற்கை மருத்துவ ஆசிரமம் இன்றைக்கும் நடந்து வருகிறது. 'நிசர்கோபசார் ஆசிரமம்' என்று பெயர். நிசர்க் என்றால் இயற்கை, உபசார் என்றால் சிகிச்சை.

2018 டிசம்பரில் அங்கே பத்து நாட்கள் தங்கினேன். எனக்காக அல்ல, என் நாத்தனாருக்குத் துணையாக.

நாத்தனார் கல்யாணமாகிப் போனதிலிருந்து புனேவாசி. பள்ளிக்கூட ஆசிரியை. இருபது வருஷத்துக்கு மேலாக மலச்சிக்கல், வயிற்று உப்புசம், நெஞ்சு கரிப்பு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் கைப்பையில் நிலாவரை கலந்த சூரண டப்பா இருக்கும். முதலில் அரை ஸ்பூன், அப்புறம் ஒரு ஸ்பூன், நாங்கள் கிளம்பிய சமயத்தில் மூன்று ஸ்பூன். அதற்கும் குடல் மசியவில்லை. டாக்டர் ரத்தம் பரிசோதித்து, தைராய்டு பார்த்து, குழாய் விட்டும் பார்த்து, "குடலில் ஒரு கோளாறும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அந்த ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஆசிரமத்துக்குப் புறப்பட்டோம். இந்த வரிசை முக்கியம். முதலில் பரிசோதனை, அப்புறம் மண்ணும் தண்ணீரும்.

காந்திஜி இந்த ஊருக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. புனேயில் டாக்டர் தின்ஷா மேத்தா ஒரு இயற்கை மருத்துவ நிலையம் நடத்தி வந்தார். காந்திஜி அங்கே பல முறை தங்கியிருக்கிறார். அந்த இடம்தான் 1986லிருந்து மத்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம். அதையே ஏழைகளுக்கானதாக மாற்றிவிடலாம் என்று காந்திஜி முதலில் நினைத்தார். பிறகு, ஏழை நோயாளி நகரத்தைத் தேடி வரமாட்டான், நாம்தான் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று மனம் மாறி, 1946 மார்ச் 22ஆம் தேதி உருளி காஞ்சனுக்கு வந்து சேர்ந்தார். ஒரு வாரம்போல இருந்தார். சுற்று வட்டாரத்திலிருந்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த 'மருந்து' எல்லாம் வெயில் ஸ்நானம், இடுப்புக் குளியல், பழச்சாறு, மோர், ராமநாமம்!

காந்திஜி கிளம்பிப் போன பிறகு ஆசிரமத்தைத் தாங்கியவர் மணிபாய் தேசாய். குஜராத்திலிருந்து வந்த வாலிபர், அப்போது வயது 26கூட நிறையவில்லை. 1993ல் காலமாகும் வரை இதுதான் அவருடைய ஊர். 1967ல் பசு வளர்ப்பு, விவசாயத்துக்காக 'பைஃப்' என்ற ஸ்தாபனத்தை இங்கேயே ஆரம்பித்தார். 1982ல் மகசேசே பரிசு பெற்றார். வினோபாஜியின் தம்பி பால்கோபா பாவேயும் இந்த ஆசிரமத்தோடு வாழ்ந்தவர்.

சரி, வயிற்றுக்கு வருவோம்.

ஆசிரமத்தில் விடிவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். டிசம்பர் மாதம் தக்காணத்துக் குளிர் எலும்பைக் கடிக்கிறது. பிரார்த்தனை, யோகாசனம், நடை. பிறகு வெறும் வயிற்றில் மண் பட்டி. "மண்ணா? எந்த மண்ணு? யார் மிதிச்சதோ!" என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். சாலையோரத்து மண் அல்ல. மூன்று நாலு அடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் முள் இல்லாமல் சலித்து, இரவே தண்ணீரில் ஊறவைப்பார்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, அடை மாவு பதத்தில் இருக்கும். மெல்லிய துணியில் ஒரு அங்குல கனத்துக்குப் பரப்பி மடித்து, அடிவயிற்றில் வைத்து, மேலே கம்பளியால் மூடிவிடுகிறார்கள். இருபது நிமிஷம், அரைமணி.

முதல் நிமிஷம் 'ஐயோ' என்று இருக்கும். ஐந்தாவது நிமிஷம் வயிறு தன்னால் இளகுகிறது. பத்தாவது நிமிஷம் நாத்தனார் தூங்கியே போனாள். எழுந்ததும் அவள் சொன்ன வார்த்தை, "அண்ணி, காலம்பற இந்த நேரத்துல படுத்துக்கிட்டு இருந்து எத்தனை வருஷமாச்சு!"

காந்திஜிக்கும் இந்த மண் பட்டி தென்னாப்பிரிக்காவிலேயே பழக்கம். ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தபோது அவருக்கும் தீராத மலச்சிக்கல், தலைவலி. காலை உணவை நிறுத்தினார். தலைவலி போயிற்று, மலச்சிக்கல் போகவில்லை. லூயி கூனே என்ற ஜெர்மானியர் சொன்ன இடுப்புக் குளியல் கொஞ்சம் உதவியது. பிறகு அடால்ஃப் ஜஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மானியரின் புத்தகத்தைப் படித்து, ஈர மண்ணைத் துணியில் பரப்பி ராத்திரி வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தார். அதில்தான் குணம் கண்டது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆக, நம் பாட்டி வைத்தியம் என்று நாம் நினைக்கிற பாதி, ஜெர்மனியிலிருந்து தென்னாப்பிரிக்கா சுற்றி இந்தக் கரும்புக் காட்டுக்கு வந்து சேர்ந்தது!

இடுப்புக் குளியல் தொட்டி பார்க்க சாய்வு நாற்காலி மாதிரி இருக்கிறது. தொப்புள் வரை தண்ணீர், கால்கள் வெளியே. உள்ளே உட்கார்ந்து, சொரசொரப்பான துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். வலது கீழ்ப்பக்கத்தில் ஆரம்பித்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறக்க வேண்டும். பெருங்குடல் போகிற பாதையே அதுதான். கால் மணி நேரம் ஆனதும் துடைத்துக்கொண்டு, உடம்பு சூடேறும்வரை வேகமாக நடக்கணும். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இது கூடாது. ஜலதோஷம், ஜுரம் இருந்தாலும் வேண்டாம்.

எனிமாவும் உண்டு. ஆரம்ப நாட்களில் அவளுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்து தினமும் தாங்களே எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சூரண டப்பாவுக்குப் பதில் இன்னொரு டப்பா, அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. முதல் நாள் ஆலோசனையின்போது டாக்டரம்மா நாத்தனாரிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "காலையில் கழிப்பறைக்குப் போக உனக்கு எத்தனை மணி நேரம் ஒழிகிறது?" என்று ஹிந்தியில் கேட்டார். நாத்தனார் சிரித்துவிட்டாள். மணி நேரமா! ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். அதற்குள் மூன்று பேருக்கு டப்பா கட்டணும். ஒரே கழிப்பறை. மாமனார் முதலில், பிறகு வீட்டுக்காரர், பிறகு பையன். இவள் முறை வரும்போது பஸ் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் போகலாமே என்றால், பெயர் வேண்டாம், அவள் பல வருஷம் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. அதனால் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். இருபது வருஷம்!

சகோதரிகளே, இது நாத்தனார் கதை மட்டுமா? எத்தனை ஆபீஸ், எத்தனை கடை, எத்தனை பஸ் பிரயாணம்!

இதில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இரவு முழுக்க ஓய்ந்திருந்த பெருங்குடல் நாம் எழுந்ததும் விழித்துக்கொள்கிறது. வயிற்றில் ஏதாவது போய் விழுந்தால், கீழே இருப்பதை நகர்த்து என்று குடலுக்கு உத்தரவு போகிறது. காலை காபிக்குப் பிறகு பலருக்கு உணர்வு வருவது அதனால்தான். அந்த உணர்வு சில நிமிஷமே இருக்கும். அடக்கினால் போய்விடும். மலம் தங்கத் தங்க அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது கல்லாகும். தினமும் அடக்கினால் கொஞ்ச காலத்தில் மலக்குடல் நிரம்பியிருந்தாலும் உணர்வே தெரியாமல் போகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து வராத விருந்தாளியைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிற மாதிரி.

ஆசிரமத்தில் அவளுக்குக் கிடைத்தது என்ன? வேளைக்கு எழுவது, எழுந்ததும் தண்ணீர், யாரும் கதவைத் தட்டாத ஒரு கழிப்பறை, யாருக்கும் டப்பா கட்ட வேண்டாத ஒரு காலை நேரம். மண்ணும் தொட்டியும் எவ்வளவு தூரம் குணப்படுத்துகின்றன என்பதற்கு இன்றைய விஞ்ஞானத்தில் பெரிய அளவு ஆதாரம் சேரவில்லை. நார்ச்சத்துக்கும் தண்ணீருக்கும் நடைக்கும் நேரம் தவறாமைக்கும் இருக்கிறது. மண் பட்டியின் பெரிய குணம், ஒரு குடும்பப் பெண்ணை அரைமணி நேரம் அசையாமல் படுக்க வைக்கிறதே, அது என்று நான் சொல்வேன்.

சாப்பாடு வேளைக்கு மணி அடிக்கும். தட்டில் வேகவைத்த காய், பச்சைக் காய்கறித் துண்டங்கள், பாக்ரி, மோர். காபி டீ கிடையாது. எண்ணெய், காரம் இல்லை. உப்பு என்று ஒன்று உலகத்தில் இருந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். இரண்டாம் நாள் காபி இல்லாமல் தலை இடித்தது எனக்கு. துணைக்குப் போனவளுக்கும் அதே பத்தியம்தான். மூன்றாம் நாள் பரங்கிக்காய்க்கு இயற்கையிலேயே இவ்வளவு தித்திப்பு உண்டு என்று தெரிந்தது.

இரவுச் சாப்பாடு பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது. நெஞ்சு கரிப்பு உள்ளவர்கள் இதைக் கவனிக்கணும். இரைப்பை காலியாக இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும், கொழுப்புப் பண்டம் என்றால் அதற்கு மேல். பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தை வழித்து, நின்றுகொண்டே சாப்பிட்டுப் படுக்கிற வழக்கம் நம் வீடுகளில் யாருக்கு, சொல்லுங்கள்? மூன்றாம் ராத்திரியிலிருந்து நாத்தனாருக்குக் கரிப்பு இல்லை. மாத்திரை இல்லாமல்.

பாக்ரி நம் ஊருக்கும் கொண்டுவர வேண்டிய பண்டம். சோள மாவு, இல்லாவிட்டால் கம்பு மாவு. சப்பாத்தி மாதிரி பூரிக்கட்டையால் தேய்த்தால் விண்டு போகும், கோதுமையின் பசை இதில் இல்லை. மாவைக் கொதிக்கும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, ஒரு உருண்டைக்கு ஒரு பாக்ரி என்று உடனுக்குடன் தட்டணும். கல்லில் போட்டதும் மேல்பக்கம் தண்ணீர் தடவணும். அது உலர்ந்ததும் திருப்பிப் போட்டு, பிறகு நேராகத் தணலில் காட்டினால் பூரி மாதிரி உப்பும். ஊர்க்காரப் பெண்மணி ஒருத்தி கை வளையல் குலுங்கத் தட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் கையில் அது இலங்கை வரைபடமாக வந்தது!

ஒரு நாளைக்கு நமக்கு 25லிருந்து 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளைச் சோறு 100 கிராமில் ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கொய்யாப்பழத்தில் ஐந்து கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் திடீரென்று நாரை அள்ளிப் போட்டால் வயிறு பானை மாதிரி உப்பும். வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும், கூடவே தண்ணீரும். தண்ணீர் இல்லாத நார் அடைப்பைத்தான் உண்டாக்கும். இசப்கோல் சாப்பிடுகிறவர்களும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும்.

நாத்தனாருக்கு ஐந்து நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. "பேசாம சூரணத்தைக் கொண்டு வந்திருக்கலாம் அண்ணி" என்று புலம்பினாள். "பொறு, இருபது வருஷத்து வீம்பு, அஞ்சு நாள்ல இறங்குமா" என்றேன். ஏழாம் நாள் காலை, பிரார்த்தனை முடிந்து வெந்நீர் குடித்த கையோடு, எதுவும் சொல்லாமல் எழுந்து போனாள். திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்து, பரீட்சையில் பாஸான பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இதனால் எல்லா வயிற்று நோயும் அங்கே தீரும் என்று நினைத்துவிடாதீர்கள். காந்திஜியையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1924 ஜனவரி 12ஆம் தேதி, இதே புனேயில், சிறைக் கைதியாக இருந்தபோது குடல்வால் வீங்கி உயிருக்கே ஆபத்தாக வந்தது. மண் பட்டி போட்டுக்கொண்டா படுத்திருந்தார்? சாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடக் என்ற ஆங்கிலேய டாக்டர் ஆபரேஷன் செய்தார். இடியும் மழையுமான இரவு. நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்களாம்.

நாங்கள் இருந்தபோதே ஒரு வயதான அம்மாள் வந்தார். மூன்று மாதமாக மலத்தில் ரத்தம், உடம்பும் இளைத்திருந்தது. "மூலம்தான், பத்தியம் கொடுங்கள்" என்று மகன் வற்புறுத்தினான். முதலில் ஆஸ்பத்திரியில் குடலைச் சோதித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மகனுக்குக் கோபம். எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக மலப்போக்கு மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் ஆசிரமத்துக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், இறுகும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக வயிறு உப்பி, வாரக் கணக்கில் வற்றாமல் இருந்தால் வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பைக் கட்டிகூட அப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

கிளம்புகிற நாளுக்கு முந்தின மாலை நானும் நாத்தனாரும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். புனே வீட்டில் கழிப்பறை யாருக்கு எப்போது என்று! ஐந்தே முக்காலிலிருந்து ஆறு வரை அவளுக்கு, அதில் மாமனாரும் குறுக்கே வரக்கூடாது. அவளே போன் போட்டு வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டாள். நான் என் தம்பியிடம் சொல்கிற மாதிரி அவரிடம் சொன்னேன். "இதுக்கா பத்து நாள் ஆசிரமம்?" என்றார். "இதுக்குத்தான்" என்றேன். மாமனார் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இதுவரை யாரும் கேட்கவில்லையே என்றாராம். மேல்நாட்டுக் கழிப்பறையாகையால் காலுக்குக் கீழே வைக்க ஒரு மணைப்பலகை. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால் மலக்குடலின் வளைவு நேராகிறது, முக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துத் தாழ்ப்பாளுக்கு ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்பது என்று அவள் தீர்மானித்தாள். இரண்டு முறை கொடுத்த பிறகு தாழ்ப்பாள் வந்தது. குழாயில் தண்ணீர் அடுத்த வருஷம்.

திரும்பும்போது சாலையிலிருந்து கொஞ்சம் விலகித் தேவூருக்குப் போய் வந்தோம். மராட்டியர்களின் எட்டு விநாயகர் தலங்களில் ஒன்று, சிந்தாமணி விநாயகர். நதி வளைவில் அமைதியான கோயில். பேஷ்வா மாதவராவ் 1772ல், 27 வயதில், இங்கேதான் க்ஷயரோகத்தால் உயிர் விட்டார். விநாயகரை விட்டுப் போக மனமில்லாமல் கடைசி நாட்களை இங்கேயே கழித்தாராம். ராஜ வைத்தியர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! இன்றைக்கு அதே க்ஷயத்துக்கு, குடலைப் பற்றிய க்ஷயத்துக்கும்கூட, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இலவச மாத்திரை.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். இடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். தினசரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிர் காலமானால் கம்பளி, காலுறை, மண் படிந்தால் கவலைப்படாத பழைய பருத்திப் புடவை இரண்டு. ஊறுகாய் பாட்டில் வேண்டாம், வாசலிலேயே மூக்கு நீண்டவர்கள் இருக்கிறார்கள்.